நான்கு மூலை அட்டைகள்

காலை ஏழரை மணிக்கு நான் ஒரு மனிதனைக் கொன்றேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்; நானும் நம்பினேன்.

சரக்குக் கிடங்கில் என் பெயர் பூகம்பம். சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறேன். கதவு, தூண், முதலாளியின் பைக் என்று நான் இடிக்காமல் விட்டது மேற்கூரையை மட்டும்தான், அதுவும் எட்டாததால். மூன்றாவது சந்தின் திருப்பத்தில் என் வண்டியின் பின்புறம் தினமும் அகலமாக வீசும். அன்று அந்த இடத்தில் மரத்தட்டில் பெட்டிகளை அடுக்கிக் கட்டிய ஒரு புத்தக பேலட், அதன் தலையில் இன்னொரு புத்தக பேலட். பின்புறம் உரசியது. மேலே இருந்தது ஆடி, கொஞ்சம் யோசித்து, எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தது.

போய்ப் பார்த்தால் பெட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு செருப்புக்கால் நீட்டிக்கொண்டிருந்தது.

நான்கு பேர் முக்கி முனகிப் பெட்டிகளைப் புரட்டினார்கள். அடியில் எடைக்காரர். எந்தச் சரக்கு எந்த வகை, எவ்வளவு கட்டணம் என்று எடை போட்டுத் தீர்மானிப்பவர். மண்டை பிளந்திருந்தது. முகத்தில் பாதியைக் காணோம். ரத்தம் அட்டைப்பெட்டிகளில் வழிந்து தரையில் குளம் கட்டியிருந்தது. நான் என் வண்டியின் மறைவில் போய் வாந்தி எடுத்தேன்.

"என்ன மாப்ள பண்ணித் தொலைச்ச!" என்று ஓடிவந்தார் மச்சான். என் மனைவியின் அண்ணன். கிடங்கின் மேற்பார்வையாளர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்த புண்ணியவான்.

"மச்சான், நான் கொன்னுட்டேனா?"

"அதை ஏன் இப்ப கேக்குற?"

மச்சானிடம் நேர் பதில் கிடையாது. சாப்பிட்டீர்களா என்றால் "சமைச்சாச்சா?" என்பார். மணி என்ன என்றால் "எங்க போகணும்?" என்பார். கல்யாணத்துக்கு முன், உங்கள் தங்கைக்கு என்னைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "உனக்கு வேற வரன் இருக்கா?" என்றார்.

எட்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான பெண்மணி. கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி.

"இந்த பேலட்டைக் கட்டினது யாரு?"

"நான்தாம்மா. நேத்து சாயங்காலம்," என்றான் கட்டுக்காரன். சரக்குக்குப் பட்டை போட்டு இறுக்குவது அவன் வேலை. "ஆனா ஒண்ணு மேல ஒண்ணா ஏத்தினது நான் இல்ல."

"நேத்து எடைக்காரர் சட்டையைப் பிடிச்சியாமே?"

"சட்டையைத்தானே பிடிச்சேன், கழுத்தை இல்லையே! மேல் வரிசை லேசா இருக்கு, புத்தகத்தைத் திருடினியான்னு கேட்டாரு. சும்மா விடுவேனா?"

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "லேசாவா இருந்துது?"

"புத்தகம் ஏத்தினா என் வண்டி மாமியார் மாதிரி முனகும் மேடம். நேத்து இதை ஏத்தினப்போ குதிச்சுக்கிட்டுப் போச்சு."

"இன்னிக்குத் தூக்க நாலு பேர் தேவைப்பட்டாங்களே?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றுகிற ஆளாக இருந்தால் நான் ஏன் தூணை இடிக்கிறேன்?

"மேடம், நான்தான் கொன்னேனா?"

"அந்தத் திருப்பத்துல தினமும் இடிப்பீங்களா?"

"நாள் தவறாம."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"என்னைத் தவிர எல்லாருக்கும்."

இவரும் மச்சான் வகையறாதான் என்று நினைத்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். எடைக்காரரின் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அந்தக் குழந்தை பெரிதாகி, தாத்தா எங்கே என்று கேட்டால் என்னைத்தான் கை காட்டுவார்கள்.

இன்ஸ்பெக்டர் விழுந்த பெட்டிகளின் அருகே குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கிடங்கிலிருந்த மற்ற பேலட்டுகளைச் சுற்றி வந்தார்.

"ஏம்பா, மத்ததுல எல்லாம் பட்டைக்கு அடியில மூலை அட்டை காணோமே?"

கட்டுக்காரன் தலையைச் சொறிந்தான். "வெக்கணும்னு விதி இருக்கும்மா. வெச்சா வேலை இழுக்கும். சூப்பர்வைசர் நின்னா வெப்பேன், நகர்ந்தா விட்டுருவேன்."

"பட்டை புத்தகத்தோட மூலையை அறுத்துரும்டா!" என்றார் மச்சான், பிணத்தின் பக்கத்தில் நின்றுகொண்டு. "எத்தனை தடவை சொல்றது?"

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரு போலீஸ்காரரிடம் ஏதோ மெல்லச் சொல்லி அனுப்பினார். பிறகு விழுந்த பேலட்டுக்குத் திரும்பி வந்து, கத்தியால் அதன் பட்டையை அறுத்து விலக்கினார். பட்டையின் வெளிப்புறம் சுத்தமாக இருந்தது. அதன் அடியில், பெட்டியின் மேல், ரத்தம் தடையில்லாமல் ஓடியிருந்தது.

"பெட்டி விழுந்து தெறிச்ச ரத்தம்னா பட்டை மேல இருக்கும், அடியில சுத்தமா ஒரு கோடு விட்டிருக்கும். இங்க தலைகீழா இருக்கு. ரத்தம் முதல்ல, பட்டை அப்புறம். எடைக்காரர் காலையில சீக்கிரமா வந்து, பட்டையை அறுத்து, மேல் வரிசையைத் திறந்து பார்த்திருக்கார். அங்கயே அவரை அடிச்சுக் கொன்னிருக்காங்க. லேசான பெட்டிகளை எடுத்துட்டு, நிஜப் புத்தகத்தை வெச்சு, மறுபடி கட்டி, திருப்பத்துல இன்னொரு பேலட் மேல வண்டியால ஏத்தி வெச்சு, பக்கத்துல பிணத்தைப் போட்டாச்சு. மீதியைப் பூகம்பம் பார்த்துக்கும்."

"கட்டத் தெரிஞ்சவன் இவன்தானே!" என்று மச்சான் கட்டுக்காரனைக் காட்டினார்.

"இவன் கட்டினா மூலை அட்டை இருக்காது. இந்தக் கட்டுல நாலு மூலையிலயும் இருக்கு. கையில ரத்தம் காயறதுக்குள்ள, புத்தகத்தோட மூலை நசுங்கக் கூடாதுன்னு கவலைப்பட்ட ஆள் இந்தக் கிடங்குல ஒருத்தர்தான்."

வெளியே போன போலீஸ்காரர் மச்சானின் கார் டிக்கியிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்தார். ஒற்றைக் கையால். மேலே ஒரு அடுக்கு புத்தகம். கீழே முழுக்கக் காலாவதியான மாத்திரைகள், புது உறையில். புத்தக வகைக்குக் கட்டணமும் குறைவு, சோதனையும் குறைவு.

மச்சான் பட்டை இறுக்கும் இரும்புக் கருவியை எடுத்து இன்ஸ்பெக்டரை நோக்கி ஓங்கி வீசினார். இன்ஸ்பெக்டர் தடுக்கக் கையை உயர்த்தினார். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு வண்டி வரை கேட்டது. தடுக்க வந்த போலீஸ்காரரின் வாயில் அடுத்த அடி. பற்கள் தரையில் சிதறின. அடிபட்டுத் தரையில் விழுந்து கிடந்த இன்ஸ்பெக்டரின் தலைக்கு நேராகக் கருவி மூன்றாவது முறை உயர்ந்தது.

நான் சாவியைத் திருப்பினேன். வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டுமென்றே இடித்தேன்.

தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் மச்சானின் தொடை நசுங்கியது. அவர் அலறினார். நானும் கூடவே அலறினேன். வண்டியைப் பின்னால் எடுத்ததும் சரிந்து விழுந்தார். ஓடிப்போய் என் சட்டையைக் கழற்றி அவர் காலில் இறுக்கிக் கட்டினேன். என்ன இருந்தாலும் என் பிள்ளைகளின் தாய்மாமன்.

"மச்சான், நான் இடிப்பேன்னு தெரிஞ்சுதான் அங்க வெச்சீங்களா?"

அவர் மூச்சு வாங்கினார்.

"உங்க தங்கச்சியை நினைச்சுப் பார்த்தீங்களா? என்னை ஜெயிலுக்கு அனுப்பிட்டு, சாயங்காலம் அவ கையால காபி வாங்கிக் குடிச்சிருப்பீங்களா?"

'ஏன் கேக்குற' என்பார் என்று காத்திருந்தேன். அப்படியாவது சொல்லட்டும் என்றுதான் இருந்தது.

மச்சான் என் கண்ணைப் பார்த்தார்.

"ஆமா மாப்ள. குடிச்சிருப்பேன்."