வார்னிஷ் காயும்வரை

கூடத்தைக் கடக்கும்போது அவளுடைய உள்ளங்கால் தரையில் ஒட்டியது. பெரிதாக ஒன்றுமில்லை, சர்க்கரைத் தண்ணீர் சிந்தி அரைகுறையாகக் காய்ந்த இடத்தில் கால் வைத்தால் ஒரு பிடி பிடித்து விடுமே, அப்படி. பிறகு தோல் பிரிகிற மெல்லிய சத்தம். மாமனார் இருந்த அறையின் வாசலுக்கு நேரே. குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். மரம் வழவழவென்று, சில்லென்று, நன்றாகக் காய்ந்துதான் கிடந்தது. கடைசிப் பூச்சு பூசி மாதங்கள் ஆகிவிட்டன. விரல்களை மூக்கருகே கொண்டுபோனாள். இப்போதுதான் பூசிய மாதிரிப் பச்சை வார்னிஷ் வாசனை.

அவளே பார்த்துப் பார்த்துப் போட்ட தரை அது. கணவன் வேலை வேலை என்று ஊர் சுற்றிக்கொண்டிருக்க, கடை கடையாக ஏறி இறங்கி மரம் தேர்ந்தெடுத்ததும், கூடத்தின் நீளத்துக்கென்றே பலகைகளை அறுக்கச் சொன்னதும், வீட்டுக் காற்றுக்கு அவை பழகட்டும் என்று சுவரோரம் அடுக்கிவைத்து வாரக்கணக்கில் அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்ததும் அவள்தான். "இந்தப் பலகைக்குக் கிடைக்கிற மரியாதை எனக்குக் கிடைச்சா நானும் சுவரோரமாப் படுத்துக்குவேன் அம்மாடி," என்று மாமனார் கிண்டலடிப்பார். அவள் சிரிப்பாள். அவர்மேல் அவளுக்குப் பிரியம் உண்டு. அந்தப் பிரியம்தான் இப்போது முள்ளாகக் குத்தியது.

தரை போட்டவரை வரவழைத்தாள். அவர் மண்டியிட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு மேடம். எங்க ஒட்டுது?"

"இதோ, நான் கால் வச்சிருக்கிற இடத்துல."

அவரும் வெறுங்காலை வைத்துத் தேய்த்தார். "எனக்கு ஒட்டலையே. உங்களை மட்டும்தான் விடமாட்டேங்குது போல." தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துக்கொண்டார். "தண்ணிய ஊத்தித் துடைக்கிறீங்களா?"

"நல்லாப் பிழிஞ்ச துணிதான்."

"சரி, உங்க திருப்திக்கு உப்புத்தாள் போட்டுத் தேச்சு, இன்னொரு கோட் அடிச்சுடறேன். ஒரு ராத்திரி யாரும் மிதிக்கக் கூடாது, அவ்வளவுதானே. உங்களுக்குத் தெரியாததா?"

"வேண்டாம்."

அவள் சொன்ன வேகத்தில், ஜன்னலோரம் தன் நாற்காலியில் இருந்த கணவன் நிமிர்ந்து பார்த்தான். "விடுங்க, இருக்கட்டும்," என்றான் அவரிடம். "கடைசி கோட் அடிச்ச ராத்திரிதான் அப்பா போனார். தூக்கத்துலயே. ஒரு வலி இல்ல, ஒரு சத்தம் இல்ல. எத்தனை பேருக்குக் கிடைக்கும் அப்படி?"

துக்கம் கேட்க வந்த எல்லோரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான். சொல்லும்போதெல்லாம் முகம் கொஞ்சம் தெளியும். அந்தத் தெளிவுக்குக் கீழே தாங்கி நின்றது அவள் சொன்ன பொய்.

அடுத்த வாரம் ஒட்டுகிற இடம் ஓரடி தள்ளிப் போயிருந்தது. அதற்குப் பிறகு இன்னும் ஓரடி. முதலில் வலது, பிறகு இடது, முதியவர் நடக்கிற குறுகிய எட்டு. அவன் அலுவலகம் போனதும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தேடுவாள். குதிகாலின் வட்டம், பாதத்தின் வெளிவிளிம்பு, கட்டைவிரல். கண்ணுக்கு எதுவும் தெரியாது, அவளுடைய பாதத்துக்குத்தான் தெரியும். அவளுடையதைவிடப் பெரிய பாதம். அதற்குள் தன் காலை வைத்து நிற்கும்போது, மூடிய அறைக் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அன்றைய சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தது.

அன்று அவருக்கு வேண்டிய சாப்பாடு, தண்ணீர், மாத்திரை எல்லாவற்றையும் அறைக்குள் வைத்துவிட்டுத்தான் பூச்சு வேலையை ஆரம்பிக்கச் சொன்னாள். வேலையாட்கள் போன பிறகு கூடம் முழுவதும் ஈரமாக, ஏரி மாதிரி மின்னியது. இருட்டும் நேரத்தில் அவர் கூப்பிட்டார்.

"அம்மாடி, கொஞ்சம் வந்துட்டுப் போறியா?"

அவள் இந்தக் கரையில் நின்றாள். "என்ன மாமா?"

"நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது."

"வாயுவா இருக்கும் மாமா. வெந்நீர் குடிச்சுட்டுப் படுங்க. காலையில காய்ஞ்சதும் முதல் ஆளா வந்துடறேன்."

"ஓ, தரை காயணும்ல," என்றார். மன்னிப்புக் கேட்கிற குரலில்.

பிறகும் ஒருமுறை கூப்பிட்டார். அவளுக்குக் கேட்டது. ஒரு காலைத் தூக்கினாள்கூட. பலகைகளின் மேல் விளக்கு வெளிச்சம் ஒரு சுருக்கமில்லாமல் படுத்திருந்தது. தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

காலையில் தரை அப்பழுக்கில்லாமல் காய்ந்திருந்தது. கதவைத் தள்ளினாள். உள்ளே ஏதோ தடுத்தது. அவர்தான். தாழ்ப்பாளை நீக்கியிருந்தார், கதவைத் திறக்கவில்லை. விரல்நுனிகூடப் பூச்சில் பட்டுவிடக் கூடாதென்று கால்களை உள்ளுக்கு மடக்கி உட்கார்ந்திருந்தார். மெலிந்த உடம்பு. கட்டிலுக்கு இழுத்து, படுக்கவைத்து, போர்வையைக் கழுத்துவரை போர்த்தி, அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள். அதற்குப் பிறகுதான் வெளியூரில் இருந்த கணவனுக்குப் போன் செய்தாள்.

தடங்கள் தன்னுடைய படுக்கையறைக்குத்தான் வருகின்றன என்று நினைத்தாள். அது நியாயம்தான் என்றுகூடப் பட்டது. வரட்டும், வந்து கட்டிலருகே நிற்கட்டும் என்று விழித்துக் கிடந்தாள். ஆனால் படுக்கையறைக்குத் திரும்பும் இடத்தில் தடம் திரும்பவில்லை. நேராகப் போனது.

ஜன்னலை நோக்கி.

அவனுடைய நாற்காலியை நோக்கி.

தடம் நாற்காலியை நெருங்கிய அன்று பகல் முழுவதும் மழை. அவளே முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும். அவன் முகத்தைப் பார்த்து, அவள் வாயால். அடுப்படியில் நின்று வாக்கியங்களைச் சேர்த்தாள், கலைத்தாள், மறுபடி சேர்த்தாள். வாசல் கதவு திறந்து மூடிய சத்தம். நாற்காலி முனகிய சத்தம். காபியை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

விளக்குப் போடவில்லை அவன். ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சம். முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, முன்னால் சாய்ந்து, தலையைச் சற்றுச் சரித்து உட்கார்ந்திருந்தான்.

"ம்," என்றான்.

போனில் பேசுகிறான் என்று நினைத்தாள். போன் மேஜைமேல் இருந்தது.

"ம்... ம்."

கதை கேட்பவன் உம் கொட்டுகிற மாதிரி. இடைவெளி விட்டு. பொறுமையாக.

வார்னிஷ் வாசனை மூச்சை அடைத்தது.

அவனுக்கு எதிரே, தரையில், இரண்டு பாதத் தடங்கள். இப்போது கண்ணுக்கே தெரிந்தன. ஈரமாக. மின்னிக்கொண்டு. விரல்கள் அவனைப் பார்த்து. அவற்றுக்குக் கீழே பலகைகள் லேசாக அமுங்கியிருந்தன.

"என்னங்க," என்றாள்.

"அப்புறம்?" என்று கேட்டான் அவன், காலியான இடத்தை அண்ணாந்து பார்த்து. சின்னப் பையன் கேட்கிற மாதிரி.

மழைச் சத்தம்.

"நீங்க கூப்பிட்டப்ப அவ எங்க நின்னா?"

அவன் திரும்பவில்லை.

தரையிலிருந்த விரல்கள் திரும்பின.