பெக்காவின் பெட்டியில் பாகற்காய்

மதிய உணவு மேசையில் அன்று நான்கு பேர் இருந்தார்கள். சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் கோமதிநாயகம். வெளியே பனியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் தொண்டைக்குள் இறங்காது என்பது அவர் கட்சி. எதிரில் தூத்துக்குடி ரெஜினா. அவளுக்கு வலப்பக்கம், உருக்கி அடுப்புக்குக் கை எட்டுகிற இடத்தில், யாழ்ப்பாணத்துத் துஷ்யந்தி. மிச்சமிருந்த பக்கத்தில், கதவோரமாக, பெக்கா. அவர் உள்ளூர்க்காரர், ஃபின்லாந்தியர். யாராவது பேச்சுக் கொடுத்தால் எழுந்துபோக வசதியாக இருக்கட்டும் என்று முதல் வருடம் அந்த நாற்காலியைப் பிடித்தவர், பிறகு எழுந்துபோகவே இல்லை.

இடம், ஊலு நகரத்துக்கு வெளியே பாறையைக் குடைந்து கட்டிய தரவுக்கிடங்கு. உலகம் முழுக்க ஜனங்கள் எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காத படங்களும் பேசிவிட்டு மறந்த பேச்சுகளும் அங்கே குளிரில் பத்திரமாகக் கிடந்தன. அவற்றைக் காக்க இந்த நால்வர், ஆளுக்கொரு தளத்தில்; சாப்பாட்டு அறை மட்டும் தரைக்கு மேலே. கோமதிநாயகத்தின் தளத்தில் குளிர்க்குழாய்கள் மட்டும்தான். காலையில் இறங்கினால் மதியம்வரை 'ம்' கொட்டக்கூட ஆள் கிடையாது. மனைவி போன பிறகு வீட்டிலும் அதே கதை. ஒரு நாளில் அவர் தன் குரலைத் தானே கேட்கிற நேரம் இந்த மேசையில்தான்.

அந்த நாற்காலிக்குத்தான் ஆபத்து வந்தது. கிடங்கின் மருத்துவர் அவருடைய சர்க்கரையைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினார். வசந்தத்துக்குள் குறையவில்லை என்றால் பணி அனுமதி நீளாது. சங்கரன்கோவிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். "உறைபெட்டிக்குச் சேர்ந்துவிடுங்கள்" என்றார். துணைக்கு மற்ற மூவரும் சேர்ந்தார்கள்.

உறைபெட்டி என்பது சமைத்து உறையவைத்த சாப்பாடு; வாரம் ஒருமுறை கல்மாதிரி வந்து இறங்கும். உருக்கியில் வைத்தால் சூடான சாப்பாடு. ஆனால் விஷயம் பெட்டியில் இல்லை, அதோடு வரும் நாவறிக் கரண்டியில் இருந்தது. வாயில் வைத்த நொடியில் நாக்கிலிருந்து சர்க்கரை, உப்பு, இரும்பு எது கூட, எது குறைய என்று அது படித்துக்கொள்ளும். உள்ளே போன கவளம் எது என்றும் குறித்துக்கொள்ளும். இரண்டையும் நிறுவனத்தின் அடுக்களை மூளைக்கு அனுப்பிவிடும். எங்கோ ஓர் ஆலையில் இருந்த அந்த இயந்திரம் யோசித்து, அடுத்த வாரத்துப் பெட்டியை அந்த ஓர் உடம்புக்கென்றே கட்டும். அதனால்தான் மூடியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: உரியவர் மட்டுமே உண்ணவும்.

முதல் நாளே ரெஜினா அந்த மூடியைக் கழற்றி மேசை நடுவில் மல்லாக்க வைத்து, அதில் ஒரு துண்டு மீனை எடுத்துப் போட்டாள்.

"அண்ணாச்சி, எடுங்க."

"ஏ ரெஜினா, எழுதிப் போட்டிருக்காம்லா."

"எழுதுனவன் வந்து எட்டியா பாக்கான்? பக்கத்துல ஆள வச்சுக்கிட்டு எப்படித் தனியாத் திங்க? எனக்கு இறங்காது. எடுங்கங்கேன்."

எடுத்தார். பதிலுக்குத் தன் பருப்பில் ஒரு கரண்டியை மூடியில் வைத்தார். துஷ்யந்தி தன் கீரையை வைத்தாள். பெக்கா வெகுநேரம் அந்த மூடியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஓர் உருளைக்கிழங்கை மெதுவாக உருட்டி விட்டார். அவர் காதில் மாட்டியிருந்த மொழிச்செவி மற்றவர்கள் பேச்சை அவர் மொழியில் அவருக்குச் சொல்லும், அவர் சொல்வதை மற்றவர்களுக்குத் தமிழாக்கித் தரும். அந்தக் கருவிக்குப் பாடப்புத்தகத் தமிழ்தான் தெரியும்.

"இதனை ஏற்றுக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்" என்றது கருவி.

"ஐயோ, கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரி இருக்கு" என்று துஷ்யந்தி சிரித்துச் சிரித்து இருமினாள்.

இப்படியே குளிர்காலம் போனது. கோமதிநாயகத்துக்கு உள்ளூரப் பயம்தான். தன் உடம்புக்கு அளந்ததைப் பாதியை ஊருக்குக் கொடுத்துவிட்டு மற்றவர்கள் சாப்பாட்டைத் தின்றால் சர்க்கரை எப்படி அடங்கும்? போதாததற்குப் பெட்டியில் அடிக்கடி பாகற்காய் வந்தது. சின்ன வயதிலிருந்தே அதற்கும் அவருக்கும் ஆகாது. அதை மட்டும் மூடியில்கூட வைக்காமல் ஓரமாக ஒதுக்கிவிடுவார்.

பிறகு ஒரு வாரம் அவர் பெட்டியில் பாகற்காய் நின்றுபோனது. அப்பாடா என்றிருந்தது. அதே வாரத்தில் பெக்காவின் பெட்டியில், சால்மன் மீனுக்கும் உருளைக்கிழங்குக்கும் நடுவில், பச்சையாக நாலு வளையங்கள். பெக்கா ஒன்றை வாயில் போட்டார். முகம் மாறியது.

"இந்த வெள்ளரிக்காய் ஏன் என்மீது சினம் கொண்டுள்ளது?" என்றது மொழிச்செவி.

மூன்று பேரும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். பெக்கா சிரிக்கவில்லை. எழுந்து நின்று, மிச்ச வளையங்களை மூடியில் ஏந்தி, இரண்டு கையாலும் கோமதிநாயகத்திடம் நீட்டினார். பேசவே கூச்சப்படுகிற மனுஷன் ரெண்டு கையால் நீட்டுகிறான். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? கோமதிநாயகம் கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"நல்லாருக்குங்க" என்றார், விழுங்கிவிட்டு.

அது வினையாகப் போயிற்று. அவருக்குப் பாகற்காய் உயிர் என்று பெக்கா நம்பிவிட்டார். வாராவாரம் பெக்காவின் பெட்டியில் அது வந்தது. வாராவாரம் இரண்டு கையால் நீட்டினார். இதே காலத்தில்தான் ரெஜினாவின் பெட்டியில் முருங்கைக்கீரை நின்று, துஷ்யந்தியின் பெட்டியில் ஏறியது. "உங்கட முகம் வெளிறிப் போய்க் கிடக்கு, சாப்பிடுங்கோ" என்று துஷ்யந்தி தள்ளினால், வீட்டில் கீரையைத் தொடாத ரெஜினா முணுமுணுத்துக்கொண்டே தின்றாள்.

வசந்தப் பரிசோதனையில் மருத்துவர் திரையை இரண்டு தடவை பார்த்தார். சர்க்கரை கீழே வந்திருந்தது. ரெஜினாவின் இரத்தத்தில் இரும்பு ஏறியிருந்தது. நான்கு பேருமே தேறியிருந்தார்கள்.

அடுத்த வாரம் உணவு நிறுவனத்திலிருந்து ஹெல்மி என்ற பெண் வந்து நின்றாள். கோமதிநாயகம் நினைத்துக்கொண்டார்: 'பங்கு போட்டுத் தின்றது தெரிந்துவிட்டது. நாற்காலி போச்சு.'

ஹெல்மியோ சுவரில் ஒரு படத்தை விரித்து, தன் மொழிச்செவி வழியாகக் குழந்தைபோலக் குதிக்காத குறையாகப் பேசினாள். "எங்கள் அடுக்களை மூளை முதலில் குழம்பிவிட்டது. திரு. கோமதிநாயகத்தின் பெட்டியில் மீன் இல்லை. அவர் கரண்டியில் மீன் இருந்தது. பிழை, பிழை என்று பல வாரங்கள் குறித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதற்குப் புரிந்தது. அவர் தம் பெட்டியிலிருக்கும் பாகற்காயை உண்பதில்லை. ஆனால் திரு. பெக்காவின் பெட்டியில் வைத்தால், அது எப்படியோ அவர் வாய்க்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. எனவே அவருடைய மருந்தை அங்கே வைத்தது. எத்தனையோ ஆயிரம் மேசைகளில் உங்கள் மேசையில் மட்டும்தான் இது நடந்தது!"

பெக்கா தன் காதுக்கருவியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்போ அது எனக்குன்னே வந்ததா?" என்றார் கோமதிநாயகம்.

"அட அண்ணாச்சி, ஒங்க மருந்தப் பாவம் அவரு சொமந்திருக்காரு" என்றாள் ரெஜினா. ஹெல்மி முன்னால் மூடியைத் தள்ளினாள். "நீங்களும் எடுங்கம்மா, நின்னுக்கிட்டே பேசுதிய."

ஹெல்மி சிவந்து, தயங்கி, ஒரு துண்டு எடுத்தாள். பிறகு இன்னொன்று. போகும்போது நல்ல செய்தி ஒன்றும் சொன்னாள். இனி இந்தச் சுற்றுவழி வேண்டாம். மேசையில் கலந்ததெல்லாம் ஒவ்வொருவர் பெட்டியிலும் சரியான அளவில் நேராகவே வந்துவிடும்.

வந்தது. கூட்டுப்பெட்டி என்று பெயர். கோமதிநாயகத்தின் பெட்டியில் அவர் பருப்பு, ரெஜினாவின் மீன், துஷ்யந்தியின் கீரை, பெக்காவின் உருளைக்கிழங்கு, பாகற்காய், எல்லாம் இருந்தது. மற்ற மூன்றிலும் அப்படியே.

முதல் நாள் ரெஜினா வழக்கம்போல மூடியில் மீனை வைத்தாள்.

"எனக்கும் இருக்கே" என்றார் கோமதிநாயகம், தன் பெட்டியைக் காட்டி.

"ஓம், எனக்கும் கிடக்கு" என்றாள் துஷ்யந்தி.

ரெஜினா மீனை எடுத்துத் தன் பெட்டியிலேயே போட்டுக்கொண்டாள். அந்த வாரம் மூடி குப்பையில் விழுந்தது. நாலு பேரும் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். கேட்பதற்கும் இல்லை, கொடுப்பதற்கும் இல்லை. பேச்சு சுருங்கியது. 'உணவு முழுமையாக இருப்பதால் அவரவர் தளத்திலேயே உண்ணலாம், ஏறி இறங்குவது மிச்சம்' என்று நிர்வாகம் அறிவித்தது. பெக்கா இரண்டு நாள் வரவில்லை. கோமதிநாயகம் ஒரு நாள் குழாய்களுக்கு நடுவில் உட்கார்ந்து தின்று பார்த்தார். குழாய்கள் 'உஸ்' என்றன.

பாகற்காயை ஒதுக்கினார். அடுக்களை மூளை விடவில்லை. கசப்பைக் குறைத்து அனுப்பியது, வறுத்து அனுப்பியது, புளியில் ஊறப்போட்டு அனுப்பியது. செயலியில் குறை சொல்லப் போனால் 'கசப்பு அதிகம், கசப்பு குறைவு, சரி' என்று மூன்றே கட்டங்கள். எதைத் தொடுவது? அடுத்த பனி விழுவதற்குள் சர்க்கரை மறுபடி ஏறியது. வரும் வசந்தப் பரிசோதனைவரை பார்க்கலாம் என்றார் மருத்துவர், பழைய புருவத்தோடு.

ஆகவேதான் அன்று, கோமதிநாயகம் தளம் தளமாக ஏறி இறங்கி மூன்று பேரையும் அழைத்துவந்து மேசையில் உட்காரவைத்திருந்தார். பெட்டிகளை ஓரம் தள்ளிவிட்டு, வெள்ளைத்தாளை விரித்து, இடப்பக்கம் மடித்து ஓரம் விட்டு, 'அனுப்புநர்' என்று தொடங்கினார்.

"தாள்ல எழுதுதியளா! இந்தக் காலத்துலயா?" என்றாள் ரெஜினா.

"மெஷினுக்கு எழுதுனா மெஷினு பதில் சொல்லும். நான் அந்தப் பொண்ணுக்கு எழுதுதேன். தமிழ் தெரிஞ்ச ஆள வச்சுப் படிச்சுக்கிடும்."

'பெறுநர்: திருமதி ஹெல்மி அவர்கள். பொருள்: பாகற்காயை உரிய பெட்டிக்கு மாற்றித் தருதல் தொடர்பாக. மதிப்பிற்குரிய அம்மா, தாங்கள் அனுப்பும் கூட்டுப்பெட்டியில் ஒரு குறையும் இல்லை. அதுவே எங்கள் குறை. என் பாகற்காயைத் தயவுசெய்து மறுபடியும் திரு. பெக்காவின் பெட்டியில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

வாசித்துக் காட்டினார். ஒருவர் வாயும் சும்மா இருக்கவில்லை.

"என்ர கீரையையும் எழுதுங்கோ அண்ணை. அது ரெஜினாக்கா திண்டால்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரி."

"ஏட்டி, என்னப் பழி வாங்கணும்னே இருக்கியா? அண்ணாச்சி, இவளுக்கு வெந்தயம் வேணும், அத ஏங்கிட்ட குடுக்கச் சொல்லுங்க. நான் ஊட்டியே விடுதேன்."

"எனது பெட்டியில் மீன் வேண்டாம்" என்றது பெக்காவின் மொழிச்செவி. "ரெஜினா அம்மையாரிடம் கேட்டுப் பெற விழைகிறேன்."

"கேட்டியளா, இந்தாளு கேட்டுப் பெற விழையுதாராம்!" ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் சட்டென்று முகம் மாறினாள். "ஒண்ணு கேக்கேன் அண்ணாச்சி. முந்தி நமக்குத் தெரியாது. இப்போ தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு பெக்கா நீட்டுனா, அது மெஷினு குடுக்கச் சொன்ன மருந்துதான? பெக்கா குடுத்ததா ஆவுமா? நீங்க திம்பியளா?"

கோமதிநாயகத்தின் பேனா நின்றது. அதை அவர் யோசித்திருக்கவில்லை.

பெக்காவுக்குக் கேள்வி மொழிச்செவியில் போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாயிற்று. பெக்கா எட்டி, கோமதிநாயகம் ஓரம் தள்ளிவைத்திருந்த பெட்டியை இழுத்தார். கோமதிநாயகம் ஒதுக்கியிருந்த பாகற்காயை, அவருடைய பாகற்காயையே, தன் மூடியில் எடுத்து வைத்தார். எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினார்.

கோமதிநாயகம் அவர் முகத்தைப் பார்த்தார். ஒன்றை எடுத்தார். மென்றார். கசந்தது. விழுங்கினார். இன்னொன்றை எடுத்தார்.

"அப்போ லெட்டரே வேண்டாம்லா?" என்றாள் ரெஜினா, மெல்ல. "அவங்கவங்க பெட்டிய மாத்தி வச்சுக்கிட்டாப் போதும்லா."

"வேணும்" என்றார் அவர், தண்ணீரைக் குடித்துவிட்டு. "ஊருல எத்தன மேசைக்கு இந்தக் கூட்டுப்பெட்டி போயிருக்கோ. அங்கெல்லாம் ஒரு பெக்கா இருப்பாரு, கதவோரமா."

கடைசிப் பத்தியை நிதானமாக எழுதினார்: 'அம்மா, யாருக்கு எது தேவை என்று தங்கள் இயந்திரம் சரியாகவே கண்டுபிடித்தது. அதை யார் தர வேண்டும் என்பதையும் அதுவே கண்டுபிடித்திருந்தது. நாம்தான் அதைப் பிழை என்று எண்ணித் திருத்திவிட்டோம். எல்லாருடைய பெட்டியிலும் ஏதாவது ஒன்று இல்லாமல் அனுப்பச் சொல்லுங்கள். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள.' அவர் கையெழுத்துக்குக் கீழே மற்ற மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். பெக்கா தன் பெயரைத் தமிழில் எழுதக் கேட்டு, துஷ்யந்தி காட்டிக்கொடுக்க, 'க்' எழுத்தின் புள்ளியைப் பெரிதாகக் குத்தினார்.

உறையை ஒட்டப் பசை இல்லை. கோமதிநாயகம் பெட்டியிலிருந்து நாலு பருக்கையை எடுத்து நசுக்கித் தேய்த்தார். மாவுச்சத்தை உறிஞ்சிவிட்ட சோறு. மணல் மாதிரி உதிர்ந்தது.

"சக்கர ஏறாத சோறு அண்ணாச்சி, ஒட்டாது" என்றாள் ரெஜினா.

பெக்கா சட்டைப்பையிலிருந்து குழாய்க்குச் சுற்றும் நீலநாடாவை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, உறையின் வாயை அழுத்தி மூடினார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டார். பேருந்து நிறுத்தத்தில் இன்னும் ஓர் அஞ்சல்பெட்டி இருப்பது அவருக்குத்தான் தெரியும்.

கோமதிநாயகம் நாற்காலியைத் திருப்பிச் சன்னல் பக்கம் போட்டார். மூவரும் பார்த்துக்கொண்டிருக்க, பெக்கா பனியில் கால் புதையப் புதைய நடந்துபோய், அஞ்சல்பெட்டியின் மேலிருந்த பனியைக் கையால் தள்ளிவிட்டு, கடிதத்தை உள்ளே போட்டார்.