பாதிக் கூடை

குருவிக்கு வகுப்பில் கிடைத்த ஆங்கிலச் சொல் ‘ஹேண்டில்’.

“மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கக் கூடாது. பொருளையே கொண்டுவந்து, அது எதுக்கு உதவுதுன்னு சொல்லணும்” என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வீட்டில் திரும்பின பக்கமெல்லாம் கைப்பிடிதான். வாளிக்கு, குடைக்கு, கதவுக்கு. கதவைக் கழற்றிக்கொண்டு போக முடியுமா? கடைசியில் காய்கறிக் கூடையை எடுத்துக்கொண்டாள். அதற்கு இரண்டு பக்கமும் ஹேண்டில். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அதிலேயே போட்டுக்கொண்டாள்.

அன்று அம்மாவுக்குத் தையல் ஆலையில் காலை ஷிப்ட். “வாண்டையும் கூட்டிட்டுப் போ. ரோட்டுல மட்டும் கையை விட்டுடாதே” என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

வாண்டு, குருவியின் தங்கை. அதே பள்ளியில் நர்சரி. பிறந்தநாள் முடிந்ததிலிருந்து அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை.

பெரிய சாலை வந்தது. லாரிகள் உறுமிக்கொண்டு போயின.

“கையைக் குடுடி.”

“மாட்டேன். நான் பெரிய பொண்ணு.”

“செல்லம்ல?”

“இல்ல!”

குருவி கையைப் பிடித்து இழுத்தாள். வாண்டு அப்படியே தரையில் தொப்பென்று உட்கார்ந்துகொண்டாள். தூரத்தில் பள்ளியின் முதல் மணி அடித்தது. குருவிக்கு அழுகையே வந்துவிட்டது. இவள் திமிறிக்கொண்டு நடுரோட்டில் ஓடினால்?

கூடையைக் கீழே வைத்தாள். “அப்பப்பா, என்ன கனம்! என்னால முடியலையே.”

வாண்டு ஓரக்கண்ணால் பார்த்தாள். எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

“தள்ளு. ஒரு பக்கம் நான் பிடிக்கறேன். உனக்குப் பலமே பத்தல.”

ஆளுக்கொரு ஹேண்டில். நடுவில் கூடை. ஓர் அடி கூட விலகாமல் நடந்தாள் வாண்டு. “நில்லுக்கா, பஸ் வருது!” என்று அதட்டல் வேறு.

சாலையைத் தாண்டியாயிற்று. ஆனால் நர்சரி வாசலில் அவள் பிடியை விடவில்லை.

“நான் விட்டா நீ கீழ போட்டுடுவே.”

வேறு வழியில்லாமல், கூடையோடு இருவரும் குருவியின் வகுப்புக்குள் போய் நின்றார்கள். டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“சரி, ஹேண்டில் எதுக்கு உதவுது?”

குருவி வாயைத் திறப்பதற்குள் வாண்டு முந்திக்கொண்டாள். “எங்கக்காவுக்குத் தனியா ரோடு தாண்டத் தெரியாது டீச்சர். இதைப் பிடிச்சு நான்தான் கூட்டிட்டு வந்தேன்!”

வகுப்பே கொல்லென்று சிரித்தது.

“அப்படியா?” என்றார் டீச்சர்.

“ஆமா டீச்சர்” என்றாள் குருவி, தன் பக்கத்துப் பிடியை விடாமலேயே.