சுவரோர லேத்

காகித ஆலை எங்களைக் கும்பலாக வீட்டுக்கு அனுப்பிய பிறகு, நானும் யுவோனும் ஊர்க் கல்லூரியில் லேத் வேலை படிக்கச் சேர்ந்தோம். விஸ்கான்சினில் அந்த வருஷம் பனி சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பட்டறைக் கதவைத் திறந்தால் எண்ணெயும் சூடான இரும்புமாக ஒரு வாடை சட்டையில் ஏறிக்கொள்ளும், துவைத்தாலும் போகாது.

பக்கத்து வால்வு ஆலையில் ஒரே ஒரு இடம் காலி. வகுப்பில் யார் கடைகிற ஷாஃப்ட், அதாவது இரும்புத் தண்டு, சுத்தமாக இருக்கிறதோ, அவருக்கு அந்த வேலை. யுவோனுக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். கணவன் லைல் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊன்றுகோலோடு நடக்கிறான். வீட்டில் சம்பாதிக்க அவளை விட்டால் ஆளில்லை.

ஆனால் அதே வகுப்பில் டார்லா இருந்தாளே!

சுவரோரம் கிடந்த பழைய லேத்தில்தான் அவள் எப்போதும் நிற்பாள். மூடிப்போன ஏதோ தொழிற்சாலை தானமாகக் கொடுத்த இயந்திரம் அது. ஓடும்போது மெல்ல முனகும். அதன் கைப்பிடி மட்டும் எந்நேரமும் ஐஸாக இருக்கும். அதில் டார்லா கடைகிற ஷாஃப்டில் முகம் பார்க்கலாம்.

"பியூட்டி பார்லர்ல முடி வெட்டிட்டு இருந்தவ, ரஸ்!" என்று யுவோன் என்னிடம் பொருமினாள். "இருபது வருஷம் மெஷினோட மாரடிச்சவ நான். எனக்கு வராதது இவளுக்கு எப்படி வருது?"

எனக்கும் வயிறெரியாமல் இல்லை. நான் கடைந்தது கேரட் மாதிரி ஒரு பக்கம் மெலிந்துதான் வரும்.

ஒரு மதியம் சாண்ட்விச் தின்றுகொண்டே யுவோன் நேராகக் கேட்டுவிட்டாள். டார்லா அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தாள்.

"பிடியைச் சுத்தும்போது யாரோ என் கை மேல கை வைக்கிறாங்க. சில்லுனு இருக்கும். நிறுத்த வேண்டிய இடத்துல ஒரு அழுத்து அழுத்துவாங்க. நான் நிறுத்திடுவேன்."

"உனக்குப் பயமா இல்லையாடி?"

"பிடிச்சிருக்கு."

யுவோன் விழுந்து விழுந்து சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"என் கைக்கு என்ன குறைச்சல்?" என்றாள்.

தேர்வு நாளன்று யுவோன் முதல் ஆளாக வந்து சுவரோர லேத்தைப் பிடித்துக்கொண்டாள். டார்லா வந்து பார்த்து அப்படியே நின்றுவிட்டாள்.

"அது என்னோடது, யுவோன்."

"உங்க அப்பன் வாங்கிப் போட்டதா? வேற மெஷினைப் பாரு, போ."

அடுத்த லேத் என்னுடையது. அதனால் எல்லாவற்றையும் பார்த்தேன். யுவோன் பிடியைத் தொட்டதும் அந்த முனகல் நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

அவள் தோள் ஒருமுறை சிலிர்த்தது.

பிறகு சிரித்தாள். அப்படி வெட்கப்பட்டு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கடைந்து முடித்து, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, ஷாஃப்டைக் கழற்றச் சாவியைச் செருகினாள். இரும்பைக் கவ்வியிருக்கும் 'சக்' என்ற பிடிப்பானைத் தளர்த்துகிற கனமான சாவி அது. அது உள்ளே இருக்கும்வரை கையை எடுக்கக் கூடாது என்பது பட்டறைச் சட்டம். கையை எடுக்கிறவர் வகுப்பு முழுவதற்கும் டோனட் வாங்கித் தர வேண்டும்.

டார்லாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "எனக்குத்தான் அது! விடு!" என்று பாய்ந்து யுவோனின் கையைப் பற்றி இழுத்தாள்.

கை சாவியை விட்டது.

லேத் சுழன்றது.

சாவி டார்லாவின் காதோரம் பறந்து சுவரில் குத்திக்கொண்டு நின்றது.

லிண்ட்குவிஸ்ட் வாத்தியார் ஓடி வந்தார். மெயின் சுவிட்சைப் பார்த்தார். அணைந்தே இருந்தது. இன்னொரு முறை பார்த்தார்.

"யுவோன், டோனட் நீதான் வாங்கணும்" என்றார். சிரிக்க முயன்றார், வரவில்லை.

டார்லா அதன் பிறகு வகுப்புக்கே வரவில்லை. யுவோனின் ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்த வால்வு ஆலைக்காரர் அங்கேயே அவளுக்கு வேலையை உறுதி செய்தார்.

மறுநாள் அவள் கல்லூரி உணவகத்துக்கு டோனட் பெட்டியோடு வந்தாள். கூடவே ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு லைல். அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "என் பொண்டாட்டியைப் பாருங்கடா!" என்று மேஜை மேலிருந்த அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அவள் மணிக்கட்டில் நான்கு குழிகள் விழுந்தன, ஒன்றன் பின் ஒன்றாக. சுற்றிலும் தோல் வெளுத்தது. லைலின் விரல்கள் அந்த இடத்தில் இல்லை. குழிகள் இன்னும் ஆழமாயின. அவள் நகங்கள் நீலம் பாரித்தன.

யுவோன் கணவனின் கையை மெல்ல விலக்கினாள். பயந்துதான் போயிருந்தாள். ஆனால் குரலில் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

"இனிமே என்னைத் தொடாத, லைல்" என்றாள். "அதுக்குப் பொறுக்கல."