வாசற்படியில் ஒரு தண்டவாளம்

உகாலிக் களியை வைக்கக் குனிந்தபோதுதான் சோமோ கவனித்தாள்: கணவன் சித்தாண்டாவின் இடது காதில் கரி. எதிர்வீட்டு விதவை ரெஹேமா கண்ணுக்கு மை தீட்டுகிறவள். ஆனால் மை கன்னத்தில் ஒட்டலாம், காதில் எப்படி? முந்திரி வியாபாரத்தில் சொத்தைக் கொட்டையை மூட்டைக்கு வெளியிலிருந்தே மோந்து பிடிக்கிறவள் சோமோ. புருஷனையும் மோந்தாள். இரும்பு, எண்ணெய், புகை.

மறுநாள் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அந்தியில் ஓசையில்லாமல் திரும்பினாள். இரு வீட்டு வாசலுக்கும் நடுவே குறுகலான முட்டுச்சந்து. வெக்கைக்கு மகள் மவாஜுமா அங்கேதான் பாய் விரித்துத் தூங்குவாள்; அன்றும் தூங்கிக்கொண்டிருந்தாள். சித்தாண்டா தன் வாசற்படியில் மண்டியிட்டுக் காதை ஒட்டவைத்திருந்தான். எதிர்ப்படியில் ரெஹேமாவும் அப்படியே.

"நல்லாருக்கு! ஆளுக்கொரு படியா? இது எந்த ஊரு சரசம்?"

"சத்தம் போடாத சோமோ. வருது."

"எது?"

"கடலை வண்டி."

வெள்ளைக்காரன் நிலக்கடலைக்காகப் போட்ட ரயில்பாதை அது. கடலை விளையவில்லை, சில வருடங்களில் தண்டவாளத்தைப் பிடுங்கிக் கப்பலேற்றினார்கள். மிஞ்சிய இரண்டு துண்டுகளைச் சித்தாண்டா வாங்கி, இரு வீட்டுக்கும் படியாகப் பதித்தான். விற்றவன் பேரமே பேசவில்லை. அப்போதே சோமோவுக்கு உறுத்தியது.

"ரெண்டு பக்கமும் அறுத்த துண்டு, மவாஜுமா அப்பா. வண்டி எங்கேருந்து வரும், என் அடுப்புலேருந்தா?"

"நேத்து ரொம்ப தூரத்துல கேட்டுச்சு," என்றாள் ரெஹேமா, கண் திறக்காமல். "காது வச்சுப் பாருங்கக்கா."

சின்ன வயதில் வண்டி வருகிறதா என்று தண்டவாளத்தில் காது வைக்காதவர்கள் அந்த ஊரில் யார்? இருவரின் பொய்யையும் உடைக்கத்தான் சோமோ தன் வாசற்படியில் குனிந்தாள். இரும்பு சுட்டது. முதலில் ஒன்றுமில்லை, பிறகு எங்கோ புதருக்குள் தேனீக்கூடு இரைவது போல ஒரு முணுமுணுப்பு, அது பல்லில் ஏறி, தாடையில் இறங்கி—

தடக். தடக்.

கிட்டே.

இரண்டு படிகள். இணையாக. நடுவே பாய்.

"மவா! எந்திரிடீ!"

சோமோ எழப் பார்த்தாள். காது இரும்பைவிட்டு வரவில்லை. தோல்தான் இழுபட்டது. கையை எட்டிப்போட்டு மகளின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. பாயைவிட்டு உருண்டிருந்த குழந்தையின் காதும் மண்ணோடு மண்ணாக ஒட்டிக்கிடந்தது.

முட்டுச்சந்தின் கோடியில் நின்ற மண்சுவரில் மஞ்சள் வட்டம் ஒன்று தோன்றியது. பெரிதானது. வெளிச்சம் மவாஜுமாவின் முகத்தில் விழுந்தது.

கண் திறக்காமல் அவள் சிரித்தாள்.

"வந்துடுச்சும்மா."