சுவிட்ச் மந்திரியும் மூன்று முட்டைகளும்

ஐந்தாம் வகுப்பில் அவளை எல்லோரும் 'சுவிட்ச் மந்திரி' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஒருமுறை தலைமை ஆசிரியர் உள்ளே இருக்கும்போதே மின்விசிறியை அணைத்துவிட்டாள். அவர் அவ்வளவு அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவள் என்ன செய்வாள்?

பழைய குண்டு பல்புகளை மாற்றச் சொல்லி அவள் பதினொரு மனு எழுதியிருந்தாள். பதினொன்றாவது மனுவில் பள்ளிக்கூடம் களைத்துப்போய்ச் சம்மதித்தது.

அன்று காலை எலக்ட்ரீஷியன் அண்ணன் எல்லா அறைகளிலும் எல்.இ.டி. பல்பு மாட்டினார்.

"முடிஞ்சுது பாப்பா."

"இல்லண்ணா. அறிவியல் அறையில ஒரு அட்டைப் பெட்டிக்கு மேல ஒண்ணு எரியுது. அதுவும் பட்டப்பகல்ல!"

"பெட்டிக்கு எதுக்கு வெளிச்சம்?"

"அதானே!"

பல்பு மூடியின் நடுவில் செருகியிருந்தது. மூடியைத் திறக்காமலே மாற்றினார். பழைய பல்புகளை எல்லாம் மறுசுழற்சி வண்டி அள்ளிக்கொண்டு போனது. மந்திரி வாசல்வரை போய் டாட்டா காட்டினாள்.

மதிய இடைவேளையில் அறிவியல் டீச்சரின் குரல் கேட்டது. "இந்த பல்பை மாத்தினது யாரு?"

"நாந்தான் டீச்சர் மாத்தச் சொன்னேன்!" பாராட்டு வாங்குகிற முகத்தோடு ஓடினாள் மந்திரி. பின்னாலேயே அவள் தோழன் பென்சிலும் ஓடினான். ஒல்லியாக இருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

டீச்சர் திட்டவில்லை. மூடியைத் திறந்து காட்டினார். வைக்கோல்மேல் மூன்று முட்டைகள், ஒரு தெர்மாமீட்டர்.

"எங்க வீட்டுக் கோழி கூட்டை விட்டுப் போயிடுச்சு. அதான் எடுத்துட்டு வந்தேன். இன்னும் ரெண்டு நாள்ல குஞ்சாவே உங்களுக்குக் காட்டலாம்னு இருந்தேன்."

"பல்பு எரியுதே டீச்சர்?"

"எரியுது, சுடலையே. குண்டு பல்பு கரன்ட்டைச் சூடா வீணாக்கும்னு நீதானே மனுவுல எழுதின? அந்த வீணாப்போன சூட்டுலதான் இதுங்க இருந்துச்சு."

தெர்மாமீட்டர் இருபத்தொன்பது காட்டியது. முப்பத்தேழு இருக்க வேண்டும்.

மந்திரி பெட்டிக்குள் குனிந்தாள். "செத்துப்போச்சா?"

டீச்சர் ஒரு முட்டையைப் புது பல்பின் வெளிச்சத்தில் பிடித்தார். சிவப்பு நரம்புகளுக்கு நடுவே ஏதோ மெல்ல அசைந்தது. "இருக்கு. ஆனா ரொம்ப நேரம் தாங்காது."

எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு போன் போட்டார்கள். வீட்டில் ஒரு பழைய பல்பு கிடக்கிறதாம். சாயங்காலம்தான் கொண்டுவர முடியுமாம்.

"நான் வேணா அடைகாக்கவா?" என்றான் பென்சில்.

"நீ உக்காந்தா ஆம்லெட்தான்."

சொல்லிவிட்டு மந்திரி ஜன்னல் வழியே பார்த்தாள். எதிரே சமையலறைக் கூரையில் சூரிய வெந்நீர்த் தொட்டி பளபளத்தது.

"டீச்சர்! வெயில்ல காஞ்ச தண்ணி! பாட்டில்ல ஊத்திச் சுத்தி வச்சா?"

டீச்சரின் முகம் மலர்ந்தது. "சீக்கிரம்!"

"எல்லாரும் பாட்டிலைக் குடுங்க! சாக்ஸும் வேணும், முட்டைக்குச் சுடக்கூடாது!" வகுப்புக்கு ஓடிப்போய்க் கத்தினாள் மந்திரி.

பென்சில் தன் சாக்ஸைக் கழற்றினான்.

"உன்னோடது வேண்டாம். குஞ்சுக்கு வெளிய வரணும்னு ஆசை வரணும்ல."

சமையலறை அக்கா வெந்நீர் பிடித்துக் கொடுத்தார். சாக்ஸ் போட்ட பாட்டில்கள் முட்டைகளைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. முப்பத்தொன்று. முப்பத்துநான்கு. முப்பத்தேழு! தண்ணீர் ஆற ஆற மாற்றினார்கள். சாயங்காலம் பல்பு வரும்வரை மந்திரி தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் ஒரு முட்டையில் விரிசல் விழுந்தது. பிறகு அடுத்தது. மூன்றாவது மட்டும் மதியம்வரை அவளை அழவைத்துவிட்டு, "கீச்" என்றது.

மறுநாள் தலைமை ஆசிரியர் மேசையில் பன்னிரண்டாவது மனு இருந்தது. 'குஞ்சுகள் வளரும்வரை அறிவியல் அறையில் ஒரு குண்டு பல்பு எரிய அனுமதி வேண்டும்.'

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "கீழே இதென்ன, கோடு கோடா மண்ணு?"

"மத்த மூணு பேரோட கையெழுத்து சார்," என்றாள் சுவிட்ச் மந்திரி.