மைனஸ் இருபதில் ஒரு கத்தி

திங்கட்கிழமை காலை ஏழே கால்.

செல்போன் அடித்தபோது இன்ஸ்பெக்டர் கோவர்தன் முதல் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு மீன் ஏற்றுமதிக் கம்பெனி. அங்கிருந்து பேசினார்கள். மேனேஜர் பூவராகவன் குளிர் அறைக்குள் செத்துக் கிடக்கிறார்... நெஞ்சில் கத்தி.

கேட்டுக்கொண்டார். மீதி மூன்று இட்லிகளையும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

மனைவி அமிர்தா அவரையே பார்த்தாள். கல்யாணமான புதிதில் பிணம் பார்க்கப் போகிற நாளில் மனிதருக்குத் தண்ணீர்கூட இறங்காது. இருபத்திரண்டு வருட சர்வீஸில் எல்லாம் மரத்துப் போயிருந்தது.

குளிர் அறையில் மைனஸ் இருபது டிகிரி.

வஞ்சரம் பெட்டிகளுக்கு நடுவே பூவராகவன் மல்லாந்து கிடந்தார். இமை முடியில் பொடிப்பொடியாக ஐஸ். நெஞ்சில் மெல்லிய, நீளமான ஒரு கத்தி. சட்டையில் ரத்தமே இல்லை. குளிரில் உறைந்து போயிருக்கும் என்றார் கூட வந்த ஏட்டு. கோவர்தனும் அப்படித்தான் நினைத்தார்.

சூப்பர்வைசர் அன்பு கடகடவென்று ஒப்பித்தான்.

ஞாயிறு கம்பெனி லீவு. இன்று காலை ஆறு மணிக்கு மேனேஜர் வந்தார், குளிர் அறைப் பக்கம் போனார், தன் கண்ணால் பார்த்தான். ஆறரைக்கு மீன் வெட்டும் செக்‌ஷன் கெங்கம்மாள் முதல் ஆளாக வந்தாள். ஏழு மணிக்குப் பெட்டி எடுக்கப் போனவர்கள் அலறினார்கள். நடுவில் வேறு ஈ காக்கை வரவில்லை. கேமரா இரண்டு மாதமாக ரிப்பேர்.

"அது கெங்கம்மாளோட கத்தி சார்" என்றான். "லாக்கர்ல வெச்சிக்கினு இருப்பா. அந்த மாதிரி கத்தி இங்க வேற யார்கிட்டயும் கெடையாது."

கேஸ் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது மாதிரி இருந்தது.

பத்து மணிக்குப் பெண் போலீஸ் ஏஞ்சல், கெங்கம்மாளைக் கூட்டிப்போய் அவள் வீட்டைச் சோதனை போட்டுவிட்டு போன் செய்தாள்.

"சார், நீங்க ஒரு தபா வந்து பாருங்க."

ஒற்றை அறை வீடு. கட்டில், அடுப்பு, ஒரு இரும்பு பீரோ. பீரோவில் புடவை நாலே நாலு. மற்ற தட்டுகள் முழுக்கக் கத்தி!

இருபத்து மூன்று கத்திகள். ஒவ்வொன்றும் பழைய பருத்தித் துணியில் சுற்றி, பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பதுபோலக் கிடத்தப்பட்டிருந்தது. எண்ணெய் வாசனை வீசியது.

கெங்கம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கட்டிலின் விளிம்பில் கை இரண்டையும் மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் செத்து ஆறு வருடம், பிள்ளைகள் இல்லை என்று ஏஞ்சல் விசாரித்து வைத்திருந்தாள்.

அழுகை இல்லை. பயம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் முகம்.

"இத்தனை கத்தி எதுக்கும்மா?" கோவர்தன் கேட்டார்.

"வெச்சிக்கினு பாக்கறதுக்கு."

"எப்படி ஆரம்பிச்சுது இந்தப் பைத்தியம்?"

அவள் வலது கையைத் தூக்கிக் காட்டினாள். விரல் நுனிகள் வெளுத்து, மெழுகு பூசினதுபோல் இருந்தன.

இந்த விரல்கள் செத்து இரண்டு வருடமாகிறது என்றாள். சுடுதண்ணீர் பட்டாலும் தெரியாது. ஐஸில் வேலை செய்தால் அப்படித்தானே என்றாள். கம்பெனி கொடுத்த கத்தியோ மொண்ணை. அழுத்தி அழுத்தித்தான் வெட்ட வேண்டும். ஒருநாள் கணவாய் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைக் கணவாய் திடீரென்று சிவப்பாகிவிட்டது. எந்த மீனின் ரத்தம் இது என்று தேடினாள்... ஆள்காட்டி விரல் பாதி அறுந்திருந்தது. பக்கத்தில் இருந்தவள் கத்தின பிறகுதான் அது தன் ரத்தம் என்று புரிந்தது.

தம்பி பீட்டருக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை. கட்டுப்போட்ட கையைப் பார்த்துவிட்டு அடுத்த வாரம் ஒரு கத்தி கொண்டு வந்தான். ஏதோ கப்பல் சமையல்காரன் ஊருக்குப் போகும்போது கொடுத்ததாம். ஜப்பான் இரும்பு. மரப்பிடி.

"மொத நாளு ஒரு வஞ்சரத்துல வெச்சேன் சார். நான் அழுத்தவே இல்ல... அதுவா எறங்குச்சு. முள்ளு எங்க இருக்குது, சதை எங்க முடியுது, எல்லாம் பிடி வழியா கைக்குத் தெரிஞ்சுது. வெரலுக்குத் தெரியாதது கத்திக்குத் தெரிஞ்சுது."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? இன்னொண்ணு எப்படி இருக்கும்னு தோணிச்சு."

அப்படித்தான் தொடங்கியது. இரண்டாவது கத்தியைத் தேடிச் சென்னைக்கு ரயிலேறினாள். மூன்றாவதைத் தம்பி போனில் ஆர்டர் போட்டுத் தந்தான். நான்காவது வருவதற்குள், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தே எந்தக் கத்தி கூர் தாங்கும், எது இரண்டு நாளில் மழுங்கும் என்று சொல்லப் பழகிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லோரும் டி.வி. பார்க்கும்போது இவள் கல்லில் தண்ணீர் தெளித்துச் சாணை பிடிப்பாள். அந்த நேரத்தில் மட்டும் உடம்பில் உயிர் இருக்கிற மாதிரி இருக்கும்.

கோவர்தன் ஒரு கத்தியை எடுத்து, ஏஞ்சல் வைத்திருந்த பேப்பரில் வைத்தார். பேப்பர் சத்தமே போடாமல் இரண்டானது. அவர் உள்ளங்கையில் ஏதோ சிலிர்த்தது. சட்டென்று கத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

செல்போன் சிணுங்கியது. ஆஸ்பத்திரி டாக்டர். கத்தியை உருவிப் படம் அனுப்பியிருந்தார். உடம்பு உருகினால்தான் மற்றதெல்லாம், இரண்டு நாளாவது ஆகும் என்று கூடவே ஒரு வரி.

கோவர்தன் படத்தைக் கெங்கம்மாளிடம் நீட்டினார்.

"உன்னோடதுதானே?"

முதன்முறையாக அவள் முகம் கசங்கியது.

"அய்யோ... முனை ஒடிஞ்சிருக்குதே சார்."

"மேனேஜர் செத்துட்டார். உனக்கு முனைதான் கண்ணுல படுதா?"

"இது என் மொத கத்தி சார். பீட்டர் குடுத்தது." படத்தை விரலால் பெரிதாக்கப் பார்த்தாள். மரத்துப்போன விரலைத் திரையும் உணரவில்லை. ஏஞ்சல் பெரிதாக்கிக் கொடுத்தாள். "ஓரத்துல பாருங்க, பல்லு பல்லா செதறியிருக்குது. இந்த இரும்பு மெல்லிசு, ரொம்ப கடுசு. பச்சைக் கறியில எறங்குனா ஒண்ணும் ஆவாது. ஐஸாப் போன மீன்ல வெச்சா இப்படித்தான் ஒடையும். யாரோ கல்லு மாதிரி கெடந்த ஆளைக் குத்தியிருக்காங்க."

கோவர்தன் எழுந்து வாசலுக்கு வந்து டாக்டருக்கு போன் போட்டார். ஒரு மணி நேரத்தில் ஒரு ஆள் அப்படி உறைய முடியுமா என்று கேட்டார்.

டாக்டர் சிரித்துவிட்டார். "ஒரு மணி நேரத்துல தோல்தான் சில்லுனு ஆகும் சார். இது ஒன்றரை நாள் சரக்கு."

ஒன்றரை நாள். அப்படியென்றால் சனிக்கிழமை சாயங்காலம். திங்கள் காலை ஆறு மணிக்கு உயிரோடு நடந்து போனதாக அன்பு பார்த்தது யாரை?

மதியம் அன்பு ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான். கோவர்தன் அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார். அவன் தண்ணீர் கேட்டான், குடித்தான், பிறகு உடைந்தான்.

குத்தியது அவன்தான். ஆனால் கொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குக் குளிர் அறைக் கதவைச் சாத்தியது அவன். உள்ளே ஆள் இருக்கிறாரா என்று எட்டிப் பார்க்கவில்லை. திங்கள் காலை திறந்தான்... மேனேஜர் விறைத்துக் கிடந்தார். செல்போன் அவர் மேஜை மேலேயே கிடந்தது. குடும்பம் அரக்கோணத்தில் இருப்பதால் ராத்திரி வரவில்லையே என்று தேடவும் ஆளில்லை. பழி தன் தலையில்தான் விழும் என்று அன்புவுக்குப் பட்டது. கொலை என்று ஆக்கிவிட்டால், அதுவும் இன்று காலை நடந்ததாக ஆக்கிவிட்டால்? லாக்கரை நெம்பிக் கத்தியை எடுத்தான்.

"உள்ளேயிருந்து திறக்க வழி இருக்குமே?" கோவர்தன் கேட்டார்.

"எமர்ஜென்சி பட்டன் இருக்குது சார். அது வேலை செய்யறதில்ல." அன்பு மூக்கை உறிஞ்சினான். "ரெண்டு வருஷம் முன்ன கெங்கம்மாளே உள்ள மாட்டிக்கினா. ஒரு மணி நேரம். அன்னிக்கித்தான் அவ வெரலு போச்சு. அப்புறம் செக்கிங் வந்தாங்க... பட்டன் நல்லா வேலை செய்யுதுன்னு மேனேஜர் எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாரு. சரி பண்ணவே இல்ல."

கோவர்தன் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார்.

"சனிக்கிழமை கடைசியா யார் வீட்டுக்குப் போனது?"

"கெங்கம்மாதான் சார். கத்தி கழுவிக்கினு இருந்தா."

சாயங்காலம் நாலு மணிக்கு ஜீப் மறுபடி அந்த ஒற்றை அறை வீட்டு வாசலில் நின்றது.

கெங்கம்மாள் கத்திகளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். கோவர்தன் சுற்றி வளைக்கவில்லை.

"சனிக்கிழமை கதவு தட்டின சத்தம் கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சு சார்."

"வெளியிலேர்ந்து ஒரு இழுப்பு இழுத்தா திறந்துடும். திறந்திருக்கலாமே?"

"திறந்திருக்கலாம்."

"ஏன் திறக்கல?"

அவள் கடைசிக் கத்தியையும் சுற்றி முடித்து பீரோவைச் சாத்தினாள்.

"பட்டனை அமுக்குங்க சார், அது நல்லா வேலை செய்யுதேன்னு சொன்னேன். சொல்லிட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். சோறு ஆக்கித் தின்னேன், தூங்கினேன். கஷ்டமா இருக்குமான்னு பாத்தேன்... ஒண்ணும் தெரியல சார்."

செருப்பைப் போட்டுக்கொண்டு அவளாகவே ஜீப்பில் ஏறினாள்.

கோவர்தன் அசையாமல் நின்றார். அந்த "ஒண்ணும் தெரியல" அவருக்கு நன்றாகப் புரிந்ததுதான் அவரைப் பயமுறுத்தியது.

ஏஞ்சல் முன் சீட்டில் ரிப்போர்ட்டை விரித்தபடி திரும்பினாள்.

"சார், கத்தியால சாவல, கதவைச் சாத்துனவனுக்கு உள்ள ஆள் இருந்ததே தெரியாது. கொலைக்குப் பயன்படுத்திய ஆயுதம்னு இன்னா சார் எழுதறது?"

கோவர்தன் ஜீப்பைக் கிளப்பினார்.

"செத்தவரோட கையெழுத்துன்னு எழுதும்மா."